கட்டி முடித்த கிட் விமானம் பறக்க மறுக்கிறது

புதுச்சிறகு

வணக்கம். பால்சா என்ற இலேசான மரத்தாலான, ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரி விமானக் கிட் ஒன்றை முதல்முறையாகக் கட்டி முடித்திருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை 60 செ.மீ. உடலுக்கு மேலே இறக்கை, சிறிய கேபின், முன்னால் பிளாஸ்டிக் புரொப்பெல்லர். துண்டுகள் லேசரில் வெட்டி வந்ததால் பிரிப்பதில் சிரமம் இருக்கவில்லை. வரைபடத்தை மேசையில் ஒட்டி, அதன்மேல் மெழுகுத்தாள் விரித்து, குண்டூசி குத்திக் குத்திப் பதினான்கு மாலைகள் உட்கார்ந்தேன். அலமாரியில் வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் எல்லாம் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்கிறார்கள். பறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

கையால் மெல்ல வீசினேன். இரண்டு மீட்டர் போனதும் மூக்கைத் தூக்கியது, நடுவானில் நின்றது, வால் பக்கமாகச் சரிந்து விழுந்தது. பெட்டியில் வந்த களிமண்ணை மூக்கில் அப்பினேன். அடுத்த வீச்சில் ஈட்டிபோல் நேராகத் தரைக்குப் போனது. ரப்பரை முறுக்கி விட்டால் இடப்பக்கம் சாய்ந்து அரைவட்டம் போட்டு விழுகிறது. எங்கே தவறினேன்?

தராசு

எடை எவ்வளவு? மொத்தம் மட்டும் போதாது. களிமண் எவ்வளவு, வால் எவ்வளவு, இறக்கை எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சமையலறைத் தராசு உதவாது, 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு வேண்டும்.

நுரைப்பலகை

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுரைப்பலகையில் ஒரு விமானத்தை வெட்டி, சின்ன மின்மோட்டாரும் ரேடியோவும் வைத்தால் ஒரே வாரத்தில் பறக்கலாம். விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். முதல் விமானத்துக்கே பால்சாவும் அதன்மேல் போர்த்தும் மெல்லிய டிஷ்யூ தாளும் எதற்கு?

பழைய பால்சா

அவர் தோசைக்கு மாவு பதம் கேட்டால் நீங்கள் ஓட்டலுக்கு வழி சொல்கிறீர்கள்.

புதுச்சிறகு, எடைக் கணக்கைத் தராசு பார்த்துக்கொள்வார், அவருக்கு அது நோய். நான் வேறு இரண்டு கேட்கிறேன். ஒன்று, வரைபடத்தில் ஈர்ப்பு மையம் என்று ஒரு குறி இருக்குமே, அந்த இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனிகளை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கிறதா? இரண்டு, விமானத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒன்றுபோலத் தெரிகின்றனவா?

புதுச்சிறகு

தராசு வாங்கி வர இரண்டு நாள் ஆனது.

ரப்பர் இல்லாமல் 57 கிராம். அதில் களிமண்ணே 12. குறியிட்ட இடத்தில் மட்டமாக நிறுத்திப் பார்த்தேன். 9 கிராம் களிமண் போதும், மீதி 3 கிராமை நான்தான் பயத்தில் அப்பியிருக்கிறேன். வால் பகுதி முழுவதும் 5.2 கிராம்.

பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. இடது இறக்கை நுனியில் பின்விளிம்பு 4 மி.மீ. மேலே தூக்கியிருக்கிறது. வலது இறக்கை நேராக இருக்கிறது. கட்டும்போது இரண்டும் நேராகத்தான் இருந்தன, சத்தியமாக.

தராசு

5.2 கிராம் வால்! அதில் என்ன செய்தீர்கள், வெள்ளையடித்தீர்களா?

கணக்கைக் கேளுங்கள். உங்கள் விமானத்தில் ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்குவரை எவ்வளவு, வால்வரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இந்த அளவுக் கிட்டில் மூக்கு 8 செ.மீ., வால் 24 செ.மீ. என்று வரும். மூன்று மடங்கு. வாலில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் களிமண் வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். ஆகவே வாலில் ஒரு கிராம் கூடினால் விமானத்தில் நான்கு கிராம் கூடுகிறது. உங்கள் 9 கிராம் களிமண் மூக்கில் இருந்தாலும் அதன் காரணம் வாலில் இருக்கிறது.

புதுச்சிறகு

வெள்ளையடிக்கவில்லை. டோப், அதாவது தாளை இறுக்கும் வார்னிஷ், மூன்று பூச்சு; சிவப்பில் ஒரு பூச்சு. வால் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உப்புத்தாள் போடவும் இல்லை. லேசரில் வெட்டி வந்த துண்டை அப்படியே ஒட்டிவிட்டேன். மூலைகளில் பசை கொஞ்சம் தாராளம்தான்.

உடனொட்டி

பசை என்றதும் வந்துவிட்டேன். என்ன பசை?

புதுச்சிறகு

வெள்ளைப் பசை. கிட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தது.

உடனொட்டி

அதுதான். நீர்போல் ஓடும் சயனோ பசைக்கு (சூப்பர் குளூ) மாறுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, ஊசிமுனையில் ஒரு துளி தொட்டால் மூட்டுக்குள் தானாக இழுத்துக்கொள்ளும். பத்து நொடி. பதினான்கு மாலை வேலை ஐந்து மாலையில் முடிந்திருக்கும்.

பழைய பால்சா

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சயனோ பசையைப் பார்த்துச் சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளைப் பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். காய்ந்ததும் அது போய்விடும், எடையும் போய்விடும். சயனோவில் ஊற்றிய துளி அப்படியே கெட்டியாக நிற்கும். நிற்கும் இடத்தில் மரம் கண்ணாடிபோல் ஆகிவிடும். பிறகு உப்புத்தாள் போட்டால் பக்கத்திலுள்ள மென்மையான மரம் தேய்ந்து பள்ளமாகும், பசை மட்டும் முட்டாக நிற்கும். மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்றால் திருத்த நேரமும் தராது. வெள்ளைப் பசையைச் சற்று நீர் சேர்த்து, பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். தேய்க்க வேண்டாம், தொட்டால் போதும்.

உடனொட்டி

முப்பது ஆண்டுகளாக ஒரே பாட்டு. பழுது பார்க்கையில் மட்டும் உங்கள் சட்டைப்பையில் என் பசைதானே இருக்கிறது?

பழைய பால்சா

இருக்கிறது. பறக்கும் இடத்தில் ஒடிந்ததை ஒட்ட அதற்கு நிகர் இல்லை, மறுக்கவில்லை. புதியவர் தெரிந்துகொள்ள ஒன்று சொல்லிவிடுகிறேன்: சயனோ பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும், புகையும். ஆவி கண்ணை எரிக்கும், சன்னல் திறந்திருக்கட்டும்.

இப்போது இறக்கைக்கு வருகிறேன். கட்டும்போது நேராக இருந்தது என்பதை நம்புகிறேன். டோப் பூசிய பிறகு எப்படிக் காயவைத்தீர்கள்?

புதுச்சிறகு

கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று.

பழைய பால்சா

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

டிஷ்யூ தாள் நீர் பட்டுக் காயும்போதும் சுருங்கும், டோப் பூசும்போதும் சுருங்கும். அந்த இழுப்பில்தான் இறக்கை முரசுத்தோல்போல் விறைக்கிறது. ஆனால் மேல்தாளும் கீழ்த்தாளும் ஒரே அளவில் இழுப்பதில்லை. சட்டகத்தைப் பலகையில் குண்டூசியால் அடக்கி வைக்காவிட்டால் எது பலமாக இழுக்கிறதோ அதன் பக்கம் முறுக்கிக்கொள்ளும். அடியில் காற்றுப் போக வேண்டும் என்பதற்காக நான்கு மூலைகளிலும் 3 மி.மீ. பால்சாத் துண்டு வைத்து, அதன்மேல் இறக்கையை வைத்துக் குத்தி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். தாளின் இழை இறக்கையின் நீளவாக்கில் ஓடட்டும். இழைக்குக் குறுக்கே அது அதிகம் சுருங்கும். அந்தச் சுருக்கம் இறக்கையின் அகலவாக்கில் இருந்தால் சமாளிக்கலாம். டோப்பில் நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் நாள்படத் தாள் மேலும் மேலும் இறுகுவது குறையும்.

ஆனதற்கு மருந்து உண்டு. கெண்டியில் நீர் கொதிக்கட்டும். முறுகிய நுனியை ஆவியில் காட்டி, தாள் தளர்ந்ததும் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆவியிலிருந்து எடுத்து ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். கை வலிக்கும். ஆறுவதற்குமுன் விட்டால் பழையபடி திரும்பிவிடும். முழுக்க நேராக்க வேண்டாம். இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு ஒரே அளவாக 2 மி.மீ. மேலே இருக்கட்டும். அப்போது மூக்கு அதிகம் தூக்கினாலும் நடுப்பகுதி முதலில் ஸ்டாலாகும், அதாவது தூக்குவிசையை இழக்கும்; நுனிகள் பிடித்துக்கொள்ளும். விமானம் பக்கவாட்டில் குப்புற விழாது.

நுரைப்பலகை

ஓட்டல்காரன் ஒரு கணக்குச் சொல்லலாமா? மட்டமாகப் பறக்க வேண்டிய வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தேவைப்படும் திறன் எடையை வேகத்தால் பெருக்கியதைப் பொறுத்தது. அதாவது எடையின் ஒன்றரை அடுக்கு. 54 கிராம் விமானம் 44 ஆனால் எடை குறைவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. தேவைப்படும் திறனோ கால் பங்குக்கு மேல் குறைகிறது. எனக்கு மின்கலத்தை மாற்றினால் போதும். உங்களிடம் இருப்பது ஒரு ரப்பர் வளையம். அதனால்தான் உங்கள் ஆட்கள் அரை கிராமுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

தராசு

உங்களை மன்னித்தோம்.

புதுச்சிறகு, வாலை அறுத்தெடுத்துப் புதிதாகக் கட்டுங்கள். இரண்டு மாலை வேலை. மீதமுள்ள பால்சாக் குச்சிகளில் ஒரே நீளமுள்ளவற்றை எடுத்து எடை போடுங்கள். ஒரே பெட்டியில் வந்தவைதாம், ஆனாலும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பால்சா வேகமாக வளர்கிற மரம், அதன் அடர்த்தி மரத்துக்கு மரம் அப்படி மாறும். மாதிரி விமானத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 160 கிலோவரை உள்ளது நல்லது. கனமான குச்சி உடலின் முன்பகுதிக்கு, இலேசானது வாலுக்கு. உடலின் நான்கு நீளச்சட்டங்களுக்கும் ஒரே மாதிரி வளைகிற குச்சிகளாகப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டியதும் உடல் வாழைப்பழமாக வளையும். உங்களுடையது வளையவில்லை என்றால் அது அதிர்ஷ்டம்.

வாலுக்கு டோப்பே வேண்டாம். டிஷ்யூ தாளை ஒரு வெற்றுச் சட்டகத்தில் ஒட்டி, நீர் தெளித்துக் காயவைத்துச் சுருங்கவிடுங்கள். சுருங்கி முடித்த தாளை வாலில் ஒட்டினால் அது வாலை முறுக்காது. நிறம் வேண்டுமானால் நிறமுள்ள தாளை வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்டைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பழைய பால்சா

வாலை மறுபடி ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். இறக்கையின் கோணத்தைவிட வாலின் கோணம் ஓரிரு பாகை குறைவாக இருக்க வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் ஒரு சின்ன விமானத்தை 11 நொடி பறக்கவிட்டார். இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்து, வாலை எதிர்க்கோணத்தில் வைத்ததால் அது தானாகவே நிலைகொண்டு பறந்தது. மனிதன் விமானத்தில் ஏறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன். ரைட் சகோதரர்களுக்குச் சிறுவயதில் தந்தை வாங்கிவந்த ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் பொம்மையும் இவர் வடிவமைப்பைப் பின்பற்றியதுதான். உங்கள் மேசையில் கிடப்பதை விளையாட்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வாலை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். இரண்டு துளி பசையில் நிறுத்திவையுங்கள். கோணத்தை மாற்ற நேரும்.

புதுச்சிறகு

ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

புது வால் 2.8 கிராம். விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டி, நடுக்கம்பைகளை மட்டும் மெலிதாக்கினேன். இரண்டு தரம் தேய்க்கும்போதே ஒடிந்தது, இரண்டு தரமும் அதே இடம். குறியிட்ட இடத்தில் மட்டமாக நிற்க இப்போது 1.8 கிராம் களிமண் போதும். மொத்தம் 44.4. தராசு சொன்ன மூன்று மடங்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆவி வைத்தியமும் நடந்தது. முதல்முறை அவசரப்பட்டு விட்டுவிட்டேன், திரும்பிக்கொண்டது. இரண்டாம் முறை நூறுவரை எண்ணினேன்.

உயர்ந்த புல்லுள்ள இடத்தில் அதிகாலை வீசிப் பார்த்தேன். இப்போதும் இலேசாக மூக்கைத் தூக்கி அலையலையாகப் போகிறது. களிமண் வைக்கட்டுமா?

பழைய பால்சா

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருக்கிறது என்று தராசும் நானும் ஒத்துக்கொண்டாயிற்று. அதை இனித் தொடக்கூடாது. கிடைவாலின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு அட்டைச் சீவல் வையுங்கள், அரை மி.மீ. கனத்தில். வால் அவ்வளவு தூக்கினாலே மூக்கு இறங்கும். அலை அடங்கும்வரை சீவல் சீவலாக. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

முழங்காலில் நின்று, தோள் உயரத்தில் பிடித்து, 15 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து அதை நோக்கித் தள்ளுங்கள். மேல்நோக்கி வீசுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை.

புதுச்சிறகு

மூன்று சீவல். நான்காவது வீச்சில் புல்லைத் தடவிக்கொண்டு இறங்கியது. என் கையிலிருந்து போனது போலவே இல்லை.

பிறகு ரப்பரில் 100 சுற்று முறுக்கி விட்டேன். விறுவிறுவென்று மேலே ஏறி ஸ்டாலானது, இடப்பக்கம் திரும்பி விழுந்தது. பழைய கதை.

பழைய பால்சா

ரப்பர் முறுக்கு இல்லாமல் இறங்கும் சறுக்கல் சரியாகிவிட்டதால் இனி வாலைத் தொட வேண்டாம். மோட்டாரின், அதாவது ரப்பரும் புரொப்பெல்லரும் செய்யும் வேலையை மோட்டாரிலேயே திருத்த வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகார திசையில் சுழல்கிறது. அதன் எதிர்விசை உடலை இடப்பக்கம் உருட்டுகிறது. ஆகவே புரொப்பெல்லரைத் தாங்கும் மூக்குக் கட்டையைச் சற்றுக் கீழும் சற்று வலமும் பார்க்க வைக்க வேண்டும்.

கீழே பார்க்க வைக்க, மூக்குக் கட்டைக்கும் உடலுக்கும் நடுவே மேல் ஓரத்தில் சீவல். வலப்பக்கம் பார்க்க, இடது ஓரத்தில் சீவல். 20 மி.மீ. அகலக் கட்டையில் 1 மி.மீ. சீவல் ஏறத்தாழ 3 பாகை. அங்கிருந்து தொடங்குங்கள்.

ரப்பர் என்ன?

புதுச்சிறகு

கிட்டில் வந்ததுதான். 3 மி.மீ. பட்டை, நான்கு இழை. கொக்கிக்குக் கொக்கி சரியாக இருக்கிறது. விரலால் புரொப்பெல்லரைச் சுற்றி முறுக்கினேன்.

பழைய பால்சா

விரலால் முறுக்கினால் பாதி ரப்பர்கூட வேலை செய்யாது. பல்சக்கர முறுக்கி ஒன்று வாங்குங்கள். நல்ல ரப்பர் பட்டையும் தனியே வாங்கி, கொக்கிகளின் இடைவெளியைவிட ஒன்றரை மடங்கு நீளத்தில் வளையம் போடுங்கள். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சிலிகோன் எண்ணெய் தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் கூடாது, ரப்பரை அரித்துவிடும். வெயிலும் ஆகாது, பறக்காத நேரம் இருட்டு டப்பாவில் இருக்கட்டும்.

ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் முன்னால் ரப்பரை அதன் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுத்துக்கொண்டு முறுக்குங்கள். பாதிச் சுற்று நின்ற இடத்திலேயே; மீதிப் பாதியை விமானத்தை நோக்கி மெல்ல நடந்து வந்துகொண்டே.

தராசு

கண்ணாடி போட்டுக்கொண்டு. உடலுக்குள் அட்டைக்குழாய் ஒன்றை நுழைத்து, ரப்பர் அதற்குள் ஓடும்படி வைத்து முறுக்குங்கள். முறுக்கின ரப்பர் உடலுக்குள் அறுந்தால் விலா எலும்பு ஒன்றும் மிஞ்சாது. எனக்கு ஒருமுறை ஆறு மாத வேலை ஒரு சத்தத்தில் போனது. அதற்குப் பிறகு அந்த வரைபடத்தை விரிக்கவே இல்லை.

உடனொட்டி

அதை ஒட்டித் தருகிறேன் என்று நான் சொன்னேன்.

தராசு

நினைவிருக்கிறது. 11 கிராம் பசையோடு.

புதுச்சிறகு

உதிரி வளையம் ஒன்றை மேசையில் கட்டி, அறுகிறவரை முறுக்கிப் பார்த்தேன். 640இல் அறுந்தது. ஆகவே 500க்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரப்பரின் எடை 6 கிராம்.

நேற்றுக் காலை காற்று இல்லை. புல்லில் பனி. தம்பி விமானத்தைப் பிடித்துக்கொண்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. முதலில் 150. மேல் ஓரத்தில் 1 மி.மீ., இடது ஓரத்தில் அரை மி.மீ. ஸ்டால் இல்லை, ஆனால் இன்னும் இடப்பக்கம். இடது சீவலை 1 மி.மீ. ஆக்கினேன். 250இல் நேராகப் போனது, பிறகு தயங்கித் தயங்கி வலப்பக்கம் திரும்பியது. 400. பிறகு 500.

500இல் கையைவிட்டதும் கேட்டது புரொப்பெல்லர் சத்தம் இல்லை. தாள் அதிர்கிற ஒரு ரீங்காரம். பெரிய வலது வட்டமாக ஏறியது. இரண்டாம் வட்டத்தில் அடியிலிருந்து பார்த்தேன், வெயில் பட்டு ஒவ்வொரு விலாவும் தாள் வழியாகத் தெரிந்தது. இடது இறக்கையின் மூன்றாம் விலாவில் நான் பசையை வழியவிட்ட இடம்கூட. ரப்பர் தீர்ந்ததும் புரொப்பெல்லர் நின்றது, வட்டம் மட்டும் நிற்கவில்லை. தம்பி 31 நொடி என்றான். நான் எண்ண மறந்துவிட்டேன்.

பழைய பால்சா

31 நொடி! முதல் கிட்டில் எனக்கு 9.

இறக்கையில் உங்கள் தொலைபேசி எண் எழுதியிருக்கிறீர்களா? வெயில் ஏறிய பிறகு பறக்கவிட்டால் மேலெழும் சூடான காற்றில் மாட்டிக்கொண்டு கண்ணைவிட்டுப் போய்விடும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

புதுச்சிறகு

இன்று எழுதிவிடுகிறேன். சறுக்கும்போது வட்டம் சிறிதாகிறது, மோட்டார் ஓடும்போது பெரிதாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டுமா?

பழைய பால்சா

வேண்டாம். அதுதான் சரி.

தராசு

பறந்து முடித்த பிறகு எடை போட்டீர்களா?

புதுச்சிறகு

ரப்பரைக் கழற்றிவிட்டுப் போட்டேன். 44.9. அரை கிராம் சேறு. துடைக்க மனம் வரவில்லை.

தராசு

சேறு எங்கே ஒட்டியிருக்கிறது?

புதுச்சிறகு

வாலில்.

தராசு

துடையுங்கள்.